கீழே வைத்த சீட்டு

பிரியந்தி மாடிப்படி ஏறி வந்தபோது அவளுடைய குடை தண்ணீராய்ச் சொட்டியது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேலே இருந்தது சுலக்ஷனாவின் துப்பறியும் அலுவலகம். ஓட்டோ ஓட்டும் சுலக்ஷனாவின் கணவன் நிரஞ்சனும், விஷயம் என்னவென்று கேட்கும் ஆவலில் பின்னாலேயே வந்து உட்கார்ந்தான்.

"எங்கப்பாவோட பாஸ்போர்ட்ட காணோங்க," என்றாள் பிரியந்தி. "நான் லண்டன்ல நர்ஸா இருக்கேன். வியாழக்கெழம அவரக் கூட்டிட்டுப் போகணும். போன வருஷம் வீட்டுல தனியா மயங்கி விழுந்துட்டாரு. நான் ஃபோன் அடிச்சிக்கிட்டே இருந்தேன், யாரும் எடுக்கல..."

சுலக்ஷனா பால் கலக்காத பிளேன்டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். "கடைசியா எங்க இருந்துச்சு?"

"கோட்டுப் பையில. அப்பா ஞாயித்துக்கெழமையில அலியார் நானாவோட தையல் கடையில சீட்டு வெளையாடுவாரு. போக்கர். காசு இல்லீங்க, சட்டப் பொத்தான வெச்சுத்தான். கூட்டாளிங்ககிட்ட விசாவக் காட்டுறேன்னு கொண்டு போனாரு. திரும்பி வந்தப்ப பை காலி. அங்க இருந்ததே மூணு பேருதான்."

"அப்பா தேடுனாரா?"

"நான்தான் தேடுனேன். நான் வருத்தப்படக் கூடாதுன்னு 'போனா போகுது, விடும்மா'ன்னுட்டாரு."

அன்று பிற்பகலே மூவரும் தையல் கடைக்குப் போனார்கள். துணி வெட்டும் மேசையைச் சுற்றி மூன்று நண்பர்கள் அன்றும் சீட்டோடு இருந்தார்கள்: கடைக்காரர் அலியார், நுவரெலியா கிளப் ஒன்றில் பரிமாறி ஓய்வுபெற்ற அழகன், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்த பிரியந்தியின் அப்பா சுதாகரன்.

"எனக்கும் சீட்டுப் போடுங்க," என்று சுலக்ஷனா நாற்காலியை இழுத்துக்கொண்டாள். கேள்வி கேட்பாள் என்று காத்திருந்த நிரஞ்சனுக்குப் பொறுக்கவில்லை.

அலியார் எந்தச் சீட்டு வந்தாலும் சத்தம் போட்டுப் பொத்தான்களை அள்ளித் தள்ளினார். சுலக்ஷனா அசராமல் சமமாகக் கட்டினாள். சீட்டைத் திருப்பியபோது அவர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. அழகனோ தோற்றாலும் கடைசிவரை கட்டினார். அடுத்தவர் கையைப் பார்க்காமல் அவரால் விட முடியாது. அவரிடம் ஏமாற்று எடுபடாதென்று, நல்ல சீட்டு வந்தபோது மட்டுமே அவள் கட்டினாள். சுதாகரன் சுமாரான சீட்டுகளைப் பேசாமல் கீழே வைத்துவிடுவார். ஒரே ஒருமுறை நான்கு பொத்தான்களை முன்னே நகர்த்தினார். சுலக்ஷனா உடனே விலகினாள்.

"ரெண்டு ஜோடி இருந்துச்சே, ஏன் விட்டே?" என்றான் நிரஞ்சன்.

"ஐயா கட்டுறாருன்னா கையில இருக்குன்னு அர்த்தம்."

சுதாகரன் சிரித்துக்கொண்டே மூன்று ராஜாக்களைக் காட்டினார்.

சுலக்ஷனா சீட்டுகளை ஒதுக்கி வைத்தாள். "பாஸ்போர்ட்ட யாரு எடுத்தீங்க?"

"நான்தான்! பொலிஸுக்குப் போங்க!" என்று அலியார் மேசையைத் தட்டினார். நிரஞ்சன் துள்ளி எழுந்தான்.

"சரி நானா, குடுங்க," என்றாள் சுலக்ஷனா.

"அது... எரிச்சிட்டேன்."

"எங்க வெச்சு?"

அலியார் மேசையில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"கையில ஒண்ணும் இல்லாமலே பெருசா கட்டுறவரு நீங்க. வேற யாரையோ காப்பாத்துறீங்க." அவள் அழகன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்காம விடமாட்டீங்க. அன்னைக்கு என்ன பாத்தீங்க?"

அழகன் சுதாகரனைப் பார்த்தார். "பாத்தேன். ஆனா அத அவனே சொல்லட்டும்."

பிரியந்தி திகைத்தாள். "அப்பாவா?"

"உங்கப்பா நல்ல சீட்ட விடுற ஆள் இல்ல," என்றாள் சுலக்ஷனா மெதுவாக. "இந்தப் பயணத்துல மனசு இருந்திருந்தா, இந்தக் கடையையே பொரட்டிப் போட்டிருப்பாரு. 'போனா போகுது'ன்னு சொன்னாரு பாருங்க, அப்பவே இந்தப் பயணத்த, சுமாரான சீட்டு மாதிரி, அவரு கீழ வெச்சிட்டாரு. ஆனா அவர நெருக்காதீங்க. நெருக்குனா இன்னும் மூடிக்குவாரு."

தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. சுதாகரன் சுவெட்டருக்குள் கையை விட்டு, சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மகள் முன்னால் வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ அழுவே. உன்னோட இருக்க எனக்கும் ஆசதாம்மா. ஆனா நீ எடுத்த டிக்கெட்டுல திரும்பி வர்ற தேதியே இல்லையே."

"இங்க நீங்க விழுந்தா யாருப்பா தூக்குவாங்க?"

"அன்னைக்குக் கதவ ஒடச்சது யாருன்னு நெனச்சீங்க, மகள்?" என்றார் அலியார். இப்போது அவர் குரலில் சத்தமே இல்லை. "நானும் என் பொஞ்சாதி ரஸீனாவுந்தான். வீடு திரும்புற வரைக்கும் ஆஸ்பத்திரியில இவரு பக்கத்துல தரையில படுத்தது அழகன்."

பிரியந்திக்கு இதெல்லாம் தெரியாது. "அக்கம்பக்கத்துல பாத்தாங்க" என்று மட்டுமே அப்பா சொல்லியிருந்தார். அவள் அழகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வர்ற தேதியும் போட்டுடுறேன்ப்பா," என்றாள் கடைசியில். "எப்பன்னு நீங்களே சொல்லுங்க."

சுதாகரன் நண்பர்களைப் பார்த்தார். பிறகு மகளின் தலையில் கை வைத்தார்.

"தீபாவளிய உன்னோட கொண்டாடிட்டு வர்றேன்ம்மா."