பாலம் வருது, வா

"இந்த வண்டியில மூச்சு விட்டா ரோட்டையே குடிக்கிற மாதிரி இருக்கு" என்று மாலிவன் அடிக்கடி சொல்வாள்.

"அப்போ மூச்சு விடாம வா" என்பார் இந்தோன்.

"உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மென்தால் குப்பியை மூக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, மூடியைத் திருகியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் சிரிக்கிறாள் என்பது தோளில் தெரியும்.

அந்தப் பேச்சுதான் இப்போது அவருக்கு நினைவு வந்தது. காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, தரையில் முட்டி போட்டு, முன்பக்கச் சாமான் பெட்டியைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். அதற்குப் பின்னாலிருந்து உருவிய, காருக்குள் வரும் காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் கையில் இருந்தது. போன வாரம் போட்டது. அதற்குள் கறுத்துவிட்டது.

கறுத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. மார்ச் மாதம் வந்தால் லம்பாங் ஊரைச் சுற்றியுள்ள மலைக்காடுகளெல்லாம் எரியும். புகை இறங்கி ஊரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நடுப்பகலில் சூரியன் மாதுளை முத்தைப் போல் சிவந்து தொங்கும். வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். ஆனால் ஃபில்டர் இருக்கும் பெட்டியில் காற்று மேலிருந்து கீழே போகிறது. அழுக்கு மேல்பக்கம்தான் படிய வேண்டும். மேல்பக்கம் இலேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். கறுத்திருந்தது கீழ்ப்பக்கம்.

ஒருவேளை தலைகீழாகச் சொருகிவிட்டாரோ? இல்லை. அம்புக்குறி சரியாகத்தான் இருந்தது. உதிரிபாகக் கடைப் பெண் ஜும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "மாமா, உங்க வண்டி வந்த காலத்துல ஃபில்டரே கிடையாது. இடத்தை மட்டும் விட்டு பிளாஸ்டிக்கால மூடி அனுப்பிட்டாங்க. அந்த மூடியை அறுத்துட்டு இதைச் சொருகுங்க. அம்பு கீழே பாக்கணும். தப்பா சொருகிட்டு வந்து என்னைத் திட்டக்கூடாது."

பாங்காக்கில் இருக்கும் மகள் பிம் தொலைபேசியில் நச்சரித்ததால்தான் வாங்க வந்ததாக ஜும்மிடம் சொன்னார். அது பாதி உண்மை. மீதி உண்மையை யாரிடமும் சொல்ல முடியாது. ஃபில்டரை அவர் தனக்காக வாங்கவில்லை. மாலிவனுக்காக வாங்கினார்.

மாலிவன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இதே புகைக்காலத்தில்தான் நுரையீரல் கெட்டு, மலைக்கு அந்தப் பக்கம் சியாங் மாயில் ஒரு மருத்துவமனையில் கிடந்து இறந்தாள். உடலை ஒரு வேனில் ஏற்றி அவளுடைய அக்கா ரட்சனி முன்னால் போனாள். உயிரை அழைத்து வருவது கணவனின் வேலை. பக்கத்து இருக்கையில் அவளுடைய சட்டையை மடித்து வைத்து, ஊதுவத்தி ஏற்றி, இந்தோன் இந்தக் காரை ஓட்டி வந்தார். இறந்தவர்களுக்கு வழி தெரியாது, தண்ணீரைத் தாண்டத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாலத்திலும் காசு ஒன்றை வெளியே வீசி, பாலம் வருது, வா என்று சொல்ல வேண்டும். முச்சந்தியில் சொல்ல வேண்டும். மலை வளைவுகளில் சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்ததும், வீடு வந்தாச்சு, இறங்கு என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் சொன்னார். கடைசியை மட்டும் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை. வாய்வரை வந்தது. இறங்கினால் வீட்டுக்குள் போவாள். வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் போவாள். அப்புறம் எங்கேயும் இருக்கமாட்டாள். காரில் இருந்தால் இருப்பாள். முன்னாலேயே வந்து காத்திருந்த ரட்சனி, சொல்லிவிட்டாயா என்று கேட்டபோது ஆமென்று தலையை ஆட்டினார்.

அதிலிருந்து சாயங்காலமானால் காரில் போய் உட்காருவது வழக்கமாயிற்று. உள்ளே வீட்டில் ஒருவருக்கான சோறு ஆறிக்கிடக்கும். ஒலியை அடக்கிய டிவியில் யாரோ யாருக்கோ பரிசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, காற்றாடியைச் சின்னதாக வைத்து, அன்று சந்தையில் பார்த்ததையும் பிம் போனில் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் காற்றுத் துவாரங்களிலிருந்து மென்தால் வாசனை மெல்லிய இழையாக வந்து அவர் முகத்தைத் தொடும். அது போதும். அக்கம்பக்கத்தில் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

புகை மறுபடி வந்தபோதுதான் துவாரத்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அடக்கி அடக்கி, தலையணையில் முகம் புதைத்து இருமுகிற மாதிரி. அவருக்கு அந்த இருமல் தெரியும். மறுநாளே ஜும் கடைக்குப் போய்விட்டார்.

இப்போது ஃபில்டரைத் திருப்பி, கறுத்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புகளின் மேல் வட்டமாக ஓர் ஈரத் தடம். நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது. வாய் வைத்து, நெடுநேரம் மூச்சு விட்டாற்போல. விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்குப் பயம் வரவில்லை. கண்தான் கலங்கியது. பாவம், இவ்வளவு அழுக்கையா வெளியே தள்ளியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கவனமாக ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, புதியது வாங்கிச் சொருகினார்.

அன்று சாயங்காலம் மென்தால் வாசனை வரவில்லை.

வேறொன்று வந்தது. சிகரெட். மட்டமான, சுருட்டிப் பிடிக்கிற சிகரெட். அவர் புகைத்ததில்லை. மாலிவனுக்கு அந்த நாற்றமே ஆகாது. எங்கோ தெருவிலிருந்து வருகிறது என்று வெளிக்காற்றை அடைக்கும் உள்சுற்றுப் பொத்தானை அழுத்தினார். சிகரெட் போய் ஆற்றுச் சேறு வந்தது. அது போய் பெட்ரோல். அதற்கடியில், இரும்பைக் கடித்தாற்போல ஏதோ. மென்தால் ஒரே ஒரு கணம் வந்தது, கூட்டத்தில் எட்டிப்பார்த்து மறைகிற முகம் மாதிரி. பின்னாலேயே அந்த இருமல். முன்பைவிடத் தொலைவிலிருந்து. நசுங்கிய இருமல்.

காரை விட்டு இறங்கி நின்று பார்த்தார். பின்சக்கரங்கள் இரண்டும் அழுந்தியிருந்தன. சந்தையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும்போது அழுந்துமே, அந்த அளவுக்கு. பின்பெட்டியைத் திறந்தார். காலி.

அடுத்த நாள் காலையிலேயே ஃபில்டரை உருவினார். அவசரமாக இழுத்ததில் சாமான் பெட்டியின் ஒரு காது உடைந்தது. கீழ்ப்பக்கம் முழுதும் கறுப்பு. ஈரத் தடங்கள். ஒன்றல்ல. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, இடம் கிடைத்த மூலையிலெல்லாம். அகலமான வாய்கள். பல் பட்டு மடிப்பு கிழிந்த ஒரு வாய். கீழே ஓரத்தில், ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த அளவில் ஒன்று.

ஃபில்டர் கையிலிருந்து விழுந்தது. மண்ணில் கிடந்தபடி ஒருமுறை உப்பியது. அடங்கியது.

அவர் வீட்டுக்குள் ஓடி, ரட்சனிக்குப் போன் போட்டார். வருடம் முழுக்க மறைத்ததைச் சொன்னார். ரட்சனி வாயாடி. சாதாரணமாக அவரைப் பேசவே விடமாட்டாள். இன்றைக்கு நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வழியெல்லாம் அவ பேரைச் சொல்லித்தானே கூப்பிட்ட?"

"பேரைச் சொல்லலக்கா" என்றார் இந்தோன். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். பேரில்லாத உறையை ஒருநாளும் எந்த வாசலிலும் போட்டவரில்லை. ஆனால் அன்றைக்கு, முதல் பாலத்தில் மாலிவன் என்று சொல்ல வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அந்தப் பெயரைச் சொன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்துபோயிற்று. அதனால் மற்ற சொற்களை மட்டும் சொன்னார். பாலம் வருது, வா. வளைவு வருது, வா. முன்பு ஒரு பஸ் கவிழ்ந்து பலர் இறந்த இறக்கத்தில், அவர்களுக்காக வரிசையாகச் சின்னச் சின்ன ஆவி வீடுகள் நிற்கிற இடத்தில், வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, கூட வா என்றார்.

"என்ன பண்ணிட்ட நீ" என்றாள் ரட்சனி. கோபம்கூட இல்லை குரலில். "பேரில்லாம ரோட்டுல 'வா'ன்னு கூப்பிட்டா யாரு வருவா? கூப்பிட ஆளில்லாம நிக்கிறவங்க எல்லாம் வருவாங்க. அத்தனை பேருக்கு நடுவுல என் தங்கச்சியை ஒரு வருஷமா அடைச்சு வெச்சிருக்க. போ. அவ பேரைச் சொல்லி அவளை மட்டும் இறக்கிவிடு."

"அப்புறம் எனக்கு யாரு இருக்கா அக்கா?"

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

பகல் முழுக்க அவர் வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்ப்பார், விட்டுவிடுவார். புகை தடித்து, மூன்று மணிக்கே வாசல் பழுப்பாகிவிட்டது. எதிர்வீட்டு மாமரம் மறைந்தது. சுற்றுச்சுவர் மறைந்தது. கார் மட்டும் நின்றது. எஞ்சின் ஓடாத கார். அதற்குள்ளிருந்து இருமல் கேட்டது.

அந்த இருமலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தனியாக இருப்பதைத் தாங்கலாம். மருத்துவமனையில் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பகலாகக் கேட்ட இருமல். இறந்த பிறகும் அவளை இரும வைத்திருக்கிறார்.

போனார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாத்தினார். வெளியே வெயில் காலத்துப் புழுக்கம்; உள்ளே அதைவிடப் புழுக்கம். நெரிசலான பஸ்ஸின் புழுக்கம். பிடரியில் மூச்சு பட்டது. திரும்பவில்லை. காது மடலில் பட்டது. திரும்பவில்லை. சாமான் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், ஃபில்டர் இல்லாத அந்த நீளத் துவாரம். இருட்டு.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"மாலிவன்."

எல்லா மூச்சும் நின்றது.

"மாலிவன். வீடு வந்தாச்சும்மா. இறங்கு."

இடப்பக்கக் கதவு மெல்லத் திறந்தது. அந்தப் பக்கம் வண்டி ஒரு விரலளவு எழுந்தது. மென்தால் வாசனை அவர் கன்னத்தின் அருகே வந்து, கொஞ்சம் நின்று, போயிற்று. வாசல் மண்ணில் காலடி எதுவும் கேட்கவில்லை. இருமல் கேட்கவில்லை. புகைக்குள் வீட்டுக் கதவு ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

இந்தோன் வாய்விட்டு அழுதார். காலி இருக்கையில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. இந்த உலகத்தில் இனி அவரோடு யாரும் இல்லை.

பிறகுதான் கவனித்தார்.

வண்டியின் பின்பக்கம் எழவில்லை. அழுந்தியபடியே இருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். பின் கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து ஆவி படிந்திருந்தது. கீழே ஓரத்தில், அந்த ஆவியைச் சின்னக் கை ஒன்று துடைத்துக்கொண்டிருந்தது. கை தெரியவில்லை. துடைத்த இடம் தெரிந்தது. அதன் வழியே வீடு தெரிந்தது.

எஞ்சின் ஓடாமலேயே காற்றுத் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. பிள்ளைக் குரல். தயங்கித் தயங்கி, மரியாதையாக, ஒரு வருடம் காத்திருந்து கேட்கிற குரல்.

"தாத்தா... நாங்களும் இறங்கலாமா?"