நாற்பதாயிரம் அணுக்கள்!

டெலிபோன் அலறியது!

லேபில் தனியாக இருந்த டெக்னீஷியன் திடுக்கிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"உங்க அக்கா ப்ளட் என்னம்மா சொல்லுது?" வார்டு டாக்டரின் குரல்.

"மெஷின்ல ஓடிட்டிருக்கு டாக்டர்... பயமா இருக்கு."

மூன்று மாதமாக அக்காவின் ரத்த அணுக்கள் சரிந்துகொண்டே வந்தன. ஏன் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அணுக்களுக்குச் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓட விட்டு, நல்லது கெட்டதைத் திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர்தான் கடைசி நம்பிக்கை.

"கேன்சர் இல்லேன்னா மிச்ச ரத்தம் விஷ டெஸ்ட்டுக்குப் போகணும். ஞாபகம் இருக்கட்டும்."

அவள் திரையைப் பார்த்தாள்.

புள்ளிகள்... ஒரே இடத்தில் பெரிய குவியலாக! சரிந்துபோன ரத்தத்தில் இத்தனை அணுக்களா?

"லைன்லயே இருங்க டாக்டர்!"

அணுக்களை எண்ணிய பிறகே சாயம் ஏற்றுவது அங்கே வழக்கம். சொந்த அக்கா என்ற பதற்றத்தில் இன்று அதை மறந்து தொலைத்திருந்தாள். ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, மிச்ச ரத்தத்தை எண்ணும் மெஷினில் கொடுத்தாள்.

வெள்ளணுக்கள்... நாற்பதாயிரம்!

காலையில் அக்காவுக்கு ஆயிரம்கூட இல்லையே!

இது அக்காவின் ரத்தமே இல்லை!

வார்டிலிருந்து டியூபைக் கொண்டு வந்தது யார்? மாமா! அக்காவின் கணவர். மருந்துக் கடைக்காரர். நர்ஸுக்கு எதற்கு அலைச்சல் என்று தானே வாங்கி வந்தவர்.

க்ளிக்!

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சா?"

மாமா! கையில் ஊசி!

"மாமா... இது யாரோட ரத்தம்?"

"கண்டுபிடிச்சிட்டியா? என்னோடதுதான். விஷ டெஸ்ட்னு டாக்டர் சொன்னதும் வேற வழி தெரியல. என் கையிலயே குத்தி எடுத்தேன்."

"அப்போ அக்காவுக்கு..."

"சத்து மாத்திரைன்னு சொல்லி தினம் ஒண்ணு கொடுத்தேன். ரத்தம் ஊறுறதையே நிறுத்திடுற மாத்திரை! அவ போனாத்தானே நான் நினைச்சவளோட வாழ முடியும்?"

இனி என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? பாவி, சிரிக்க வேறு செய்தான்!

"நார்மல்னு எழுதிடு. இல்லேன்னா இந்த ஊசி நேரா உங்க அக்கா ட்ரிப்ஸ்ல ஏறும்!"

செத்துவிடுவோம் என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் அக்காவின் வெளுத்த முகம் கண்ணெதிரே வந்தது.

"நார்மல்னு எழுத முடியாது மாமா."

"ஏன்?"

"ஏன்னா நார்மல் இல்ல. இங்க பாருங்க... அத்தனையும் ஒரே மாதிரி செல். இது ப்ளட் கேன்சர்!"

"யா... யாருக்கு?"

"கையில குத்தி எடுத்தது யாரு?"

ஊசி நழுவி விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேஜை மேலிருந்த ரிசீவர் கரகரத்தது.

"எல்லாம் கேட்டுச்சும்மா! செக்யூரிட்டி வாசலுக்கு வந்தாச்சு. மாத்திரை பேரை மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லு. மாற்று மருந்து கொடுத்து உங்க அக்காவைக் காப்பாத்திடலாம்!"

கதவு தடதடத்தது. அவள் அழுதபடியே ஓடிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"நா... நான் பொழைப்பேனா?" என்றான் மாமா, மாத்திரை பேரைச் சொன்ன கையோடு.

"கவலைப்படாதீங்க மாமா. இதுக்கு நல்ல மருந்து இருக்கு. ஜெயில்லயே வேளா வேளைக்குக் கொடுப்பாங்க... உங்களை மாதிரி சத்து மாத்திரைன்னு பொய் சொல்ல மாட்டாங்க!"