பனமலை ஏரியில் ஒரு பாய் குறைகிறது

மதியம் 1.50.

கம்பு கிடந்தது. பலகை கிடந்தது. பாயை மட்டும் காணவில்லை.

கலைமதி போட்ட சத்தத்தில், கரைக்கு அந்தப் பக்கம் பந்தலில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேரும் கை கழுவாமல் ஓடி வந்தார்கள். கடைசியாக வந்தாள் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி, தொப்பியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி. காலையிலிருந்து காற்று அதை இரண்டு முறை பறித்துக்கொண்டு போயிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"பாயக் காணோம் மேடம்! சாப்பிடப் போகச்சொல்ல இங்கதான் இருந்துச்சு!"

ஏட்டு அரங்கநாதன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "கோரைப் பாயா, பிளாஸ்டிக் பாயா?"

"ஏட்டய்யா, சும்மா இருங்க" என்றாள் ஜெயக்கொடி.

அதட்டினாளே தவிர, அவளுக்கும் இந்த விளையாட்டு இரண்டு நாளாகத்தான் பழக்கம். செஞ்சியிலிருந்து பந்தோபஸ்துக்கு என்று அனுப்பியபோது படகுப் போட்டி என்று நினைத்துத்தான் வந்தாள். வந்து பார்த்தால் படகே இல்லை. ஆளுக்கு ஒரு பலகை, அதன்மேல் ஒரு கம்பு, கம்பில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒரு பாய். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் காற்றே ஏரியைச் சுற்றிக் காட்டுகிறது. விழுந்தால் ஏறிக்கொள்ள வேண்டும். ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே ரேஸ்தான். ஆனால் பெண்கள் அணிகளுக்கு மட்டும் தனிக் கணக்கு, தனிப் பரிசு; மற்றவர்கள் கிளப்பின் கலப்பு அணி, பெரிய கப்பு அதற்குத்தான். அது எப்படி என்று கேட்ட பிறகுதான் அவளுக்குக் குழப்பம் அதிகமானது.

"கடைசி ரேஸ் எத்தனை மணிக்கு?"

"மூணுக்கு மேடம்" என்றாள் சுவாதி. செஞ்சி கிளப்பின் மகளிர் அணியே இவ்வளவுதான்: கலைமதியும் சுவாதியும். "ரெண்டு பேரும் எறங்குனாத்தான் அணி. ஒருத்தி நின்னுட்டா அணியே அவுட்டு."

"வேற பாய் வாங்கி மாட்டிக்க முடியாதா?"

"ஒருத்தருக்கு ஒரு பாய்தான் மேடம். மொத நாளே பதிஞ்சுட்டாங்க. மாத்தக் கூடாது."

கலைமதி அழவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "மூணு ரேஸ் முடிஞ்சிடுச்சு மேடம். பொண்ணுங்க அணியில நாங்கதான் மொதல்ல இருக்கோம். ஜெயிச்சா ரெண்டு பலகை, ரெண்டு பாய் பரிசு. எங்க பேர்ல. இன்னிக்கு வரைக்கும் கிளப்புல ஆம்பளைங்க ஓட்டி முடிச்சு, வெயில் ஏறி, காத்து செத்தப்புறம்தான் எங்க கைக்குப் பலகை வரும்."

"அழாத கலை. கண்டுபிடிச்சிடலாம்" என்று முன்னால் வந்தான் ஓர் இளைஞன். செஞ்சி கிளப்பின் செயலாளர், கலப்பு அணியின் கேப்டன், பெயர் இளவழகன். "நான்தான் மேடம் இதுங்களுக்குக் கத்துக் குடுத்தேன். என் தங்கச்சிங்க மாதிரி. எடுத்தவனை நான் சும்மா விட மாட்டேன்."

ஜெயக்கொடி கரையை ஒரு முறை நடந்து பார்த்தாள். வடகிழக்குக் காற்று ஏரியிலிருந்து மோதிக்கொண்டிருந்தது. பலகைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பில் மாட்டிய பாய், கம்பு காற்றைப் பார்க்க. அதற்குப் பக்கத்தில் அவரவர் பாயைச் சுருட்டிக் கொண்டுவரும் நீளமான காலிப் பை. கலைமதியின் பை மேல் ஒரு கருங்கல். சுவாதியின் பை மேல் ஒரு செங்கல். அடுத்தது இளவழகனின் பை, ஜிப்பை இழுத்து மூடியபடி மணலில் கிடந்தது. அதற்கு அப்பால் மற்ற ஊர்க்காரர்களின் பைகள், கல்லும் கட்டையுமாக.

"வண்டி வர வழி ஒண்ணுதான் மேடம்" என்றார் அரங்கநாதன். "அங்கதான் நான் நின்னேன். அவ்ளோ பெரிய படுதாவைத் தூக்கிக்கினு ஒருத்தனும் போகலை."

"தண்ணி வழியா?"

"தனகோட்டி பரிசல்ல போனான்."

2.05.

தனகோட்டி ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவன். இடுப்பில் கத்தி. நேற்று சாயங்காலம் போட்டிக்காரர்களோடு அவன் போட்ட சண்டை ஊருக்கே கேட்டிருந்தது.

"நேத்து இன்னா சொன்ன?"

"பாயை எல்லாம் கிழிச்சு எறிஞ்சிடுவேன்னு சொன்னேன். ஆமா. பலகைக்கு அடியில இருக்கிற துடுப்பு என் வலையை அறுத்துடுச்சு. கேட்டா சிரிக்கிறானுங்க."

"மத்தியானம் எங்க போன?"

"அக்கரைக்கு. கஞ்சி குடிக்க. பரிசலைப் பாருங்க, மீனு செதிலுதான் இருக்குது."

இருந்தது செதில் மட்டும்தான்.

"அக்கரையில போட்டுட்டு வந்திருப்பான் மேடம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனா சொல்லிடுவான்" என்றார் அரங்கநாதன் ஆசையாக.

ஜெயக்கொடி கலைமதியின் கம்பருகே குந்தினாள். அடியில் சின்னச் சின்ன உருளைகள். பாயை இறுக்கிக் கட்டும் மெல்லிய கயிறு அதனருகே வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நூல்கூட அறுபடவில்லை.

"சுவாதி, உன் பாயில இதைக் கழட்டிக் காட்டு."

சுவாதி உட்கார்ந்தாள். ஒரு சொடுக்கு, ஓர் உருவல். கயிறு கையோடு வந்துவிட்டது. முழுசாக இறுக்காமல் மறுபடி மாட்டினாள்.

"இப்ப நான்."

ஜெயக்கொடி இழுத்தாள், நெம்பினாள், நகத்தை உடைத்துக்கொண்டாள். கயிறு அசையவில்லை. தனகோட்டி கூட நின்று சிரித்தான். "கத்தி வேணுமா மேடம்?"

அவள் நிமிர்ந்தாள். கத்தி வைத்திருக்கிறவன் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டா போவான்?

"நீ போய் கஞ்சிய முடிச்சுட்டு வா" என்றாள்.

பாயை எடுத்தது பாய் ஓட்டுகிற ஆள். அதுவரை சரி. ஆனால் கரையில் நிற்கிற முப்பது பேரும் பாய் ஓட்டுகிறவர்கள்தான்.

2.20.

"சென்னை கிளப்புக்காரங்கதான் மேடம்" என்று இளவழகன் காதோரம் சொன்னான். "பொண்ணுங்க அணியில அவங்க ரெண்டாவது. கோச் குருவைக் கேளுங்க."

குருவுக்கு அது கேட்டுவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "யாரைப் பாத்து? எங்க பொண்ணு ஜெயஸ்ரீ தோத்துட்டு வீட்டுக்குப் போவாளே தவிர, திருட மாட்டா. பாருங்க மேடம், எல்லாத்தையும் பாருங்க!"

வேனைத் திறந்து காட்டினார். பலகையைப் புரட்டிக் காட்டினார். போதாதென்று, பை மேலிருந்த கல்லைக் காலால் உதைத்துவிட்டுப் பையைத் தூக்கி உதறினார். அவ்வளவுதான். காற்று அதைப் பிடுங்கியது. பை பட்டம் மாதிரி எழும்பி, ஏட்டின் தலைக்கு மேலே போய், கருவேல முள்ளில் சிக்கியது.

"பிடிங்க ஏட்டய்யா!"

அரங்கநாதன் முள்ளில் சட்டையையும் கையையும் கிழித்துக்கொண்டு அதை மீட்டு வந்தார். "வேலைல சேந்து இருபத்தாறு வருஷம். பையைத் துரத்துனது இதான் மொத தடவை."

பையில் ஒன்றும் இல்லை.

ஜெயக்கொடிக்குத் தலை சுற்றியது. குத்தகைக்காரன் இல்லை. சென்னைக்காரரும் இல்லை போல. அப்படியானால் இரண்டு ஆள் உயரப் பாய் எங்கே கரைந்து போகும்? போட்டியை நடத்தும் தேவேந்திரனைத் தேடிப் போனாள். அவர் கடிகாரத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நேரா ஒண்ணு சொல்லுங்க. கலைமதி எறங்கலைன்னா யாருக்கு லாபம்? சென்னைக்குத்தானே?"

"இல்லையே மேடம்." தேவேந்திரன் முகம் வாடியிருந்தது. "மகளிர் பரிசு குடுக்கணும்னா குறைஞ்சது மூணு அணி கடைசி வரைக்கும் ஓட்டணும். இருக்கிறதே மூணுதான். செஞ்சி, சென்னை, புதுச்சேரி. ஒண்ணு விழுந்தா மகளிர் பிரிவே ரத்து. சென்னைக்கும் கப் கிடையாது."

"அப்ப அந்தப் பொண்ணுங்க இதுவரைக்கும் எடுத்த புள்ளி? தண்ணியில போச்சா?"

"போகாது. அந்தந்த கிளப்போட கலப்பு அணிக் கணக்குல சேந்துடும்."

"புரியலை. இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கலப்பு அணியில இப்ப யாரு முன்னாடி?"

"புதுச்சேரி. ஆனா அவங்க பொண்ணுங்க ரொம்பப் பின்னாடி."

"எல்லாத்தையும் சேத்துட்டா?"

தேவேந்திரன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். விரல்கள் நடுவிலேயே நின்றன. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

2.40.

ஜெயக்கொடி கரைக்கு வந்தாள். எல்லோரும் அங்கேயே நின்றார்கள். கலைமதி வெறும் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளவழகன் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது உங்க பைதானே?"

"ஆமா மேடம்."

"உங்க பாய் எங்க?"

"தோ, கம்புல மாட்டி ரெடியா இருக்குது."

"அப்ப பை காலி."

"காலிதான்."

"மேல கல்லு வைக்கலியே?"

"மறந்துட்டேன். அதான் பறக்கலியே மேடம்" என்றான் இளவழகன்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"அதைத்தான் நானும் கேக்கிறேன்" என்றாள் ஜெயக்கொடி. "என் தொப்பி நிக்கலை. குரு சார் பை ஏட்டு தலைக்கு மேல போச்சு. காலிப் பைன்னா கல்லு வைக்கணும்னு இங்க இருக்கிற ஒவ்வொருத்தர் கைக்கும் தெரியும். உங்க கைக்கும் தெரியும். ஆனா பாய் உள்ள இருந்தா யாரும் கல்லு தேட மாட்டாங்க. கை பழகின பழக்கம், கல்லை மறந்துடுச்சு. ஏட்டய்யா, ஜிப்பைத் திறங்க."

திறந்தார். முழங்கை கனத்துக்கு இறுக்கிச் சுருட்டிய பாய் வந்தது. விரித்த இடத்தில், இது பெண் ஓட்டும் பாய் என்பதற்கான சிவப்பு டைமன் தெரிந்தது.

"நான் படுதா சைஸுல ஒண்ணைத் தேடிட்டு இருந்தேன்" என்றாள் ஜெயக்கொடி. "நீங்கல்லாம் வேற ஊர்க்காரங்க பையைத் தேடிட்டு இருந்தீங்க. பறிகொடுத்த கிளப்போட பையை எவன் தேடுவான்?"

சுவாதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைமதி எழுந்தாள். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவள் முகத்தில் இருந்தது, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்பதுபோல.

"இளாண்ணா... நீங்களா?"

"உங்களுக்கு இன்னா நஷ்டம் கலை?" இளவழகன் குரல் உயர்ந்தது. "உங்க புள்ளி எங்கயும் போகாது. நம்ம கிளப்புக்குத்தான் வரும். பெரிய கப்பு நம்ம செஞ்சிக்கு! ஊருக்குத்தானே செஞ்சேன்?"

"பலகை?"

"அதுவும் கிளப்புக்கு வந்துடும். நீங்களும்தானே ஓட்டப் போறீங்க."

"எப்ப? வெயில் ஏறினப்புறமா?" என்றாள் கலைமதி. "ஊருன்னா நீங்க மட்டுமா? நாங்க இன்னா விருந்தாளியா?"

அவன் ஜெயக்கொடி பக்கம் திரும்பினான். "மேடம், ஒண்ணு சொல்றேன். அந்தப் பாய் கிளப்போடது. நான் கிளப் செயலாளர். எங்க சாமானை எங்க பையில வெச்சிருக்கேன். இதுல திருட்டு எங்க இருக்குது?"

அரங்கநாதன் பேனாவை எடுத்து, யோசித்து, மறுபடி பாக்கெட்டில் சொருகினார். எந்தப் பிரிவில் எழுதுவது?

தேவேந்திரன்தான் பேசினார். "போலீஸ் பிரிவு எனக்குத் தெரியாது. போட்டி விதி தெரியும். இளவழகன், உன் பலகையைத் தூக்கிக் கரை மேல வை. நீ எறங்கக் கூடாது."

2.48.

கம்பைப் பாய்க்குள் நுழைத்தார்கள். அடிக்கயிற்றை இழுத்து இறுக்குவதற்கு நல்ல பலம் வேண்டும். இதுவரை அதை இளவழகன்தான் இழுத்துக் கொடுப்பான். இப்போதும் பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்தான்.

"தொடாதீங்க" என்றாள் கலைமதி.

சுவாதி கம்பின் அடியில் காலை உதைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். கலைமதி அவள் இடுப்பைப் பிடித்தாள். ஜெயக்கொடி தொப்பியை ஏட்டு கையில் திணித்துவிட்டு, காக்கிச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து கலைமதியைப் பிடித்தாள். மூன்று பேரும் மல்லாந்து விழும்போது பாய் விறைத்துக்கொண்டது.

சங்கு ஊதும்போது கலைமதியின் பலகை முழங்கால் தண்ணீரில் இருந்தது. எல்லோருக்கும் கடைசியாகத்தான் கிளம்பினாள்.

கரையில் நின்று பார்த்த ஜெயக்கொடிக்கு யார் முன்னே, யார் பின்னே என்று ஒன்றுமே பிடிபடவில்லை. பாய்கள் ஒன்றையொன்று கடந்தன, சாய்ந்தன, ஒரு பாய் தண்ணீரில் படுத்து எழுந்தது. "இன்னா நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். குருவே பக்கத்தில் வந்து நின்று சொல்லிக் கொடுத்தார். பெண்களில் சுவாதி முதலாவது. ஜெயஸ்ரீ இரண்டாவது. விழுந்து எழுந்த கலைமதி மூன்றாவது.

"அது போதுமா சார்?"

"போதும்" என்றார் குரு, மனசே இல்லாமல். "ஒரே ஒரு புள்ளியில தட்டிட்டுப் போயிட்டாளுங்க."

பரிசு கொடுத்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. புதுப் பலகைகள் இரண்டும் புதுப் பாய்கள் இரண்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மினி லாரியில் ஏறின. ஜெயக்கொடி கலைமதியைத் தனியாக அழைத்தாள்.

"புகார் எழுதித் தரியாம்மா? பிரிவு எதுன்னு நான் தேடிக்கிறேன்."

கலைமதி, ஈரம் சொட்டிய அந்தப் பழைய பாயைத் தரையில் விரித்தாள். தலைப்பக்கத்திலிருந்து, சுருக்கம் விழாமல், நிதானமாகச் சுருட்டினாள். புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த இளவழகனிடம் அதைக் கொண்டுபோய் அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.

"உங்க கிளப் சாமான். சரியா இருக்குதான்னு பாத்துக்கோங்க" என்றாள். "நாளையிலேர்ந்து எங்களுக்கு வேணாம்."

லாரி கிளம்பத் தயாராக இருந்தது. அவள் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.