மஞ்சள் துணியில் இரண்டு போல்ட்

பட்டறைத் தரையில் அண்ணன் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ஓட்டை!

மேஜையில் பொருத்திய இரும்புப் பிடியில் ரைபிள். ஹீட் கன் இன்னும் அனல் ஊதிக்கொண்டிருந்தது.

"என்ன நடந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

தம்பி கண்ணைத் துடைத்தான். இருபது வருஷமாக இதே மேஜையில் வேலை பார்த்தவன்.

"விபத்து மேடம்... ரைபிளோட இரும்பைக் கட்டையில பசை போட்டு ஒட்டியிருக்கும். குறி தப்புதுன்னு திரும்பி வந்துச்சு. சூடு காட்டி, பசை இளகினதும் பிரிச்சு, புதுசா ஒட்டணும். உள்ளே தோட்டா இருந்ததை அண்ணன் பார்க்கல. சூட்டுல வெடிச்சிடுச்சு!"

"முதல்ல ஒட்டினது யாரு?"

வாசலில் நின்ற அண்ணி அழுகையை நிறுத்தினாள்.

"இவன்தான்! 'நீ ஒட்டினதைப் பிரிச்சே என் ஆயுசு போகுது'ன்னு காலையில கஸ்டமர் முன்னாடியே திட்டினாரு."

"அது தினம் பாடுற பாட்டுதானே அண்ணி!"

"சத்தம் கேட்டு முதல்ல வந்தது?"

"நான்தான் மேடம். கதவுலயே நின்னுட்டேன். எதையும் தொடல."

"நீங்கம்மா?"

"கடைக்குப் போயிருந்தேன். வந்தா, இவன் உள்ளே விடவே இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா மூலையைக் காட்டினார். அங்கே இன்னொரு ரைபிள்.

"அதை எப்படிப் பிரிப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

தம்பிக்கு மூச்சு வந்தது. வேலைதானே! கை தானாக நகர்ந்தது. தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டை உருவினான். மேஜைமேல் இருந்த மஞ்சள் துணியில் வைத்தான்.

"முதல்ல போல்ட்டை எடுத்துடணும். உள்ளே தோட்டா இல்லன்னு பார்க்கணும். திருகைக் கழட்டணும். அப்புறம்தான் சூடு."

"போல்ட் இல்லாம குண்டு பாயுமா?"

"பாயவே பாயாது மேடம். பின்னாடி தாங்க ஒண்ணுமே..."

அவன் பார்வை மேஜைக்குப் போனது.

மஞ்சள் துணியில் இரண்டு போல்ட்!

"ஒண்ணு இப்ப நீங்க வச்சது. இன்னொண்ணு, பிடியில இருக்கிற ரைபிளோடது! நெத்தியில குண்டு வாங்கினவர் எழுந்து, கழட்டி வச்சிட்டு, மறுபடி படுத்துக்கிட்டாரா?"

தம்பி தன் கையைப் பார்த்தான். சுட்டாயிற்று. விபத்தாகக் காட்ட ஹீட் கன்னை எடுத்தான். அதற்குமுன் இந்தப் பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் போல்ட்டை உருவி...

அண்ணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருபது வருஷம் மேடம்... 'நல்லாருக்குடா'ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு தடவை..."

இன்ஸ்பெக்டரம்மா விலங்கைப் பூட்டினார்.

"நான் சொல்றேன். நல்லாருக்கு! கொலை பண்ணிட்டும் பாதுகாப்பு விதியை மீறல பாருங்க!"