ஐம்பத்தைந்து நிமிட முத்திரை

“பீப்!” என்று கத்தியது மெஷின். சிவப்பு விளக்கு எரிந்தது.

மைனா டிக்கெட்டை வெளியே எடுத்தாள். சட்டையில் நன்றாகத் துடைத்தாள். மறுபடியும் மெஷினுக்குள் விட்டாள்.

“பீப்!”

“அம்மா, கதவு திறக்க மாட்டேங்குது!”

அம்மா தன் டிக்கெட்டை விட்டுப் பார்த்தாள். அதற்கும் அதே சத்தம், அதே சிவப்பு.

மைனாவின் உண்மையான பெயர் வேறு. ஓயாமல் பேசுவதால் வீட்டில் எல்லோரும் அவளை மைனா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது பத்து. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய தம்பிக்கு நான்கு வயது. அவன் பெயர் உருண்டை. ஏன் என்று அவனைப் பார்த்தாலே தெரியும்.

அப்பா ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவரைப் பார்த்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கப்பலில் ஏதோ பழுது. அதைச் சரிசெய்ய எதிரே இருக்கும் தீவில் நிறுத்தியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அது மறுபடியும் புறப்பட்டுவிடும். அதற்குள் போய்ப் பார்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் அம்மா தபால் அலுவலகத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தாள். உருண்டைக்கு டிக்கெட் தேவையில்லை.

மெஷின் பக்கத்தில் நின்றிருந்த கேட்காரர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தொப்பியைச் சற்று மேலே தள்ளினார்.

“டைம் முடிஞ்சுபோச்சும்மா. இந்த டிக்கெட் செல்லாது.”

“செல்லாதா?” அம்மாவின் குரலே மாறிவிட்டது. “இன்னிக்குக் காலையிலதானே எடுத்தோம்!”

“காலையிலதான். ரயில்ல ஏறும்போது மணி அச்சாகியிருக்கு பாருங்க. ஒன்பது அஞ்சு. அதுலேர்ந்து மூணு மணி நேரத்துக்குள்ள படகு கேட்டுக்கு வந்துடணும். அப்படின்னா பன்னிரண்டு அஞ்சு. இப்ப மணி பன்னிரண்டு இருபது.”

மைனா டிக்கெட்டையே பார்த்தாள். நாள் முழுவதும் செல்லும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“அப்ப புது டிக்கெட் கொடுங்க” என்றாள் அம்மா.

“இந்தப் படகுல இடமே இல்லம்மா. எல்லாம் நேத்தே போயிடுச்சு. உங்க டிக்கெட் செல்லுபடியாச்சுன்னா உங்க சீட் உங்களுக்குத்தான். இல்லைன்னா நாலரைப் படகுலதான் போக முடியும்.”

நாலரைப் படகு தீவுக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிடும். அப்பாவின் கப்பல் ஐந்து மணிக்கே போயிருக்கும்.

அம்மா அப்படியே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

“என்னங்க… எங்களால வர முடியாதுபோல. டிக்கெட் செல்லாதுங்கறாங்க. ஹலோ? ஹலோ?”

போன் அணைந்துபோயிருந்தது. ரயில் வழியில் நின்றுபோன நேரமெல்லாம் உருண்டை அதில்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து இன்னொரு “பீப்!” கேட்டது.

“அநியாயம்!” என்றார் ஒரு முதியவர். அவர் கையில் ஒரு பழைய மரப்பெட்டி. ரயிலில் மைனாவுக்கு எதிரே உட்கார்ந்து வந்தவர்தான். தீவில் இருக்கும் மணிக்கூண்டைச் சரிசெய்யப் போகிறாராம். “நாப்பது வருஷமா கடிகாரம் ரிப்பேர் பண்றேன். ஒரு இடத்துக்கும் ஒரு நிமிஷம் லேட்டாப் போனதில்ல. என்னைப் பார்த்து டைம் முடிஞ்சுபோச்சுன்னு ஒரு மெஷின் சொல்லுதா?”

அவருக்குப் பின்னால் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு ஓர் அக்கா. அவருக்கும் சிவப்புதான். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. சத்தம் கேட்டு இன்னொன்றும் அழுதது. உருண்டை இருவரையும் பார்த்தான். தன் பங்குக்கு அவனும் அழுதான்.

மைனாவின் மனதுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது.

“அண்ணா” என்று கேட்காரரைக் கூப்பிட்டாள். “நாங்க ஒண்ணும் லேட் பண்ணலையே. வழியில ரயில்தானே நின்னுபோச்சு? சிக்னல் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க.”

“தெரியும் பாப்பா. ஆனா ரயில் லேட்டா வந்தது இந்த மெஷினுக்குத் தெரியாதே.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

கேட்காரர் கன்னத்தைச் சொறிந்தார்.

“ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும். ரயில் இவ்வளவு நேரம் லேட்னு டிக்கெட் பின்னால எழுதி, அவங்க முத்திரை போட்டுக் கொடுத்தா, அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணலாம். அப்படி ஒரு விதி இருக்கு. யாரும் கேட்டதில்ல, அதான் எனக்கே மறந்துபோச்சு.”

அம்மா சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “முத்திரையா? தினம் ஆயிரம் முத்திரை குத்தறவ நான். எனக்கு இது தோணலையே!”

“படகு பன்னிரண்டே முக்காலுக்கு. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு” என்றார் கேட்காரர். “இந்தப் பாலம் நேரா ஸ்டேஷனுக்குள்ள போகுது. நடுவுல ரோடெல்லாம் கிடையாது.”

அம்மா எழுந்தாள். உருண்டை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். காலடியில் இரண்டு பெரிய பைகள் வேறு.

“நான் போறேம்மா. நான்தான் வேகமா ஓடுவேன்.”

அம்மா பாலத்தைப் பார்த்தாள். மைனாவைப் பார்த்தாள். இரண்டு டிக்கெட்டையும் அவள் கையில் வைத்தாள்.

“தேதியும் மணியும் தெளிவா விழுந்திருக்கான்னு பார்த்து வாங்கணும். ஓடு!”

மைனா இரண்டடி ஓடினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

“தாத்தா, உங்க டிக்கெட்டும் கொடுங்க. அக்கா, உங்களோடதும்.”

கடிகாரக்காரரின் முழங்காலில் பட்டை கட்டியிருந்தது. அந்த அக்காவுக்கோ இரண்டு கையிலும் குழந்தை. இருவராலும் ஓட முடியாது. அவர்கள் அவளை நம்பி டிக்கெட்டை நீட்டினார்கள்.

பாலம் மிக நீளமாக இருந்தது. மைனாவின் செருப்பு ‘தப்தப்’ என்று அடித்தது. ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடி போட்ட ஓர் உயரமான அம்மாள். காதில் போனை வைத்து சிக்னல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மைனாவைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தினார்.

“என்னம்மா, தொலைஞ்சுபோயிட்டியா?”

“இல்ல மேடம். உங்க ரயில் லேட்டா வந்ததுன்னு எழுதிக் கொடுக்கணும். முத்திரையோட. சீக்கிரம். தயவுசெஞ்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ரயில் லேட்டுன்னு என்னைத் திட்டினவங்களுக்குக் கணக்கே இல்ல. எழுதிக் கொடுன்னு கேட்ட முதல் ஆள் நீதான்!”

மேசை டிராயரைத் திறந்தார். முத்திரை கிடைத்தது; மைப் பெட்டி காய்ந்து கிடந்தது. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். ‘ரயில் தாமதம்: 55 நிமிடம்’ என்று எழுதி, தேதியும் மணியும் போட்டு, ஓங்கிக் குத்தினார். பாதி முத்திரைதான் விழுந்தது.

“மேடம், தெளிவா விழணும். எங்கம்மா சொன்னாங்க.”

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் குத்தினார். இரண்டு டிக்கெட் முடிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு.

“இது ரெண்டும் உன்னோடதா? இப்பவே ஓடினா படகைப் பிடிச்சிடலாம். மிச்சத்தையும் எழுதிக்கிட்டிருந்தா மணி அடிச்சிடுவாங்க.”

மைனாவின் கால்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியே விட்டன. அப்பா கண் முன்னால் வந்தார். எட்டு மாதம்!

பிறகு, அவளை நம்பி டிக்கெட்டை நீட்டிய அந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

“மிச்சத்தையும் போடுங்க மேடம்” என்றாள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் கை பறந்தது.

மைனா பாலத்தில் பாதி தூரம் வந்திருப்பாள். ‘டாண்! டாண்! டாண்!’ என்று மணி அடித்தது.

அது படகின் மணி! அவ்வளவுதான். எல்லாம் போச்சு. கண்ணில் நீர் கட்டி, பாலம் மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை.

கேட்டுக்கு வந்தவள் திகைத்துப்போனாள்.

கேட் இன்னும் மூடப்படவில்லை. மூடவும் முடியாது. வாசல் முழுக்க குட்டிக் குட்டி ஸ்க்ரூக்கள் சிதறிக் கிடந்தன. நடுவே கடிகாரக்காரரின் மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கேட்காரர் தொப்பி கீழே விழ, தவழ்ந்து தவழ்ந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் குனிந்து பொறுக்கினாள். உருண்டை தான் எடுத்த ஒரே ஸ்க்ரூவை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான்.

“பார்த்து, பார்த்து! மிதிச்சிடாதீங்க!” என்றார் கடிகாரக்காரர். “ஒண்ணு குறைஞ்சாலும் மணிக்கூண்டு ஓடாது. எப்படித்தான் கை தவறிச்சோ, தெரியலையே!”

அவர் மைனாவைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

“அம்மா, முத்திரை!”

கேட்காரர் எழுந்து டிக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். “பன்னிரண்டு அஞ்சோட ஐம்பத்தஞ்சு நிமிஷம் சேர்த்தா… ஒரு மணி! ஒரு மணி வரைக்கும் செல்லும்!”

டிக்கெட்டை மெஷினில் விட்டார். “பீப்!” என்று மறுபடியும் சிவப்பு விளக்கு.

மைனாவுக்கு உயிரே போய்விட்டது.

“அது கத்திட்டுப் போகட்டும்” என்றார் கேட்காரர். சாவியைப் போட்டுப் பக்கத்துக் கதவைக் கையாலேயே திறந்தார். “அதுக்கு முத்திரை படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏறுங்க, ஏறுங்க!”

ஒரு குழந்தையை அம்மா வாங்கிக்கொண்டாள். மரப்பெட்டியின் ஒரு பக்கத்தை மைனா பிடித்துக்கொண்டாள். எல்லோரும் ஏறியதும் படகு நகர்ந்தது.

சரியாக ஒரு மணி நேரத்தில் தீவு வந்தது. மைனா முதல் ஆளாக இறங்கி, படகுத்துறை முழுவதும் தேடினாள்.

அப்பா இல்லை.

“அய்யய்யோ!” என்றாள் அம்மா, வாயில் கை வைத்து. “நாம வரலைன்னு சொன்னேனே! அதோட போனும் போயிடுச்சே!”

கப்பல் பழுது பார்க்கும் இடம் கால் மணி நேர நடை. மைனாகூடப் பேசவில்லை. பெரிய சாம்பல் நிறக் கப்பலின் கீழே, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தோள்கள் தொங்கிப்போயிருந்தன.

“அப்பா” என்றாள் மைனா.

அவர் திரும்பவில்லை. கனவோ என்று நினைத்திருக்க வேண்டும்.

“அப்பா!”

அவர் திரும்பினார். கையிலிருந்த கிழங்கு விழுந்து உருண்டு ஓடியது. கத்தியும் விழுந்தது. எழுந்த வேகத்தில் வாளியும் சாய்ந்தது.

“நீங்க… நீங்கதான் வர முடியாதுன்னு…” என்றார் அப்பா.

மைனா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். உருண்டை மட்டும் அம்மாவின் பின்னால் ஒளிந்தான். அவன் அறிந்த அப்பாவுக்குத் தாடி கிடையாது. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தான். மெல்ல வந்தான். தாடியை ஒரு விரலால் தொட்டான்.

“குத்துது” என்றான். பிறகு, அவனே அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கப்பல் புறப்பட இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது.