பாழ்நகரில் ஆள் உண்டா

காலை எட்டு மணிச் சங்கு ஊதியதும் இசக்கியம்மாள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்பதாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெளியே தூத்துக்குடி வெயில் தோலை உரித்துக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். இயந்திரங்களுக்காகப் போட்ட குளிர் அது. மனிதர்களுக்கு அதில் பங்கு உண்டு, பாத்தியதை இல்லை.

வேலை எளிதுதான். பழைய கணினி விளையாட்டு ஒன்றைத் திறக்க வேண்டும். அதற்குள் இருக்கிற ஊர், காடு, கோட்டை எல்லாவற்றையும் நடந்து முடிக்க வேண்டும். எதிர்ப்படும் ஒவ்வோர் உருவத்திடமும் பேசிப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு தாள். அதில் ஒரே கேள்வி: உள்ளே ஆள் உண்டா? ‘இல்லை’ என்று கீறிக் கையெழுத்துப் போட்டால் அன்றே அந்த உலகத்துக்கு மின்சாரத்தை வெட்டிவிடுவார்கள். இதற்கு நிறைவுநடை என்று பெயர்.

இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஓர் உலகத்தைப் பார்க்காமல் அணைத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதன் பதிவேட்டைப் புரட்டினால், அணைந்த நிமிஷத்தில் உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டிய தடம் பதினோராயிரம் முறை பதிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் சாட்சி சொல்லக் கூடாது, மனிதர்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று. படித்தவர்களுக்கு அந்தச் சலிப்பு ஒத்துவரவில்லை. கல் உடைத்தவர்களும் உப்பு வாரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

இசக்கியம்மாள் முப்பது வருஷம் கல் குவாரி கிரஷரில் கிடந்தவள். நெஞ்சு முழுக்கத் தூசி. எதையும் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு பேச்சு பேசி முடித்திருப்பார். எழுத்து அவளுக்கு நாற்பத்தெட்டாம் வயதில், கிரஷர் மூடிய பிறகு, தொழிலாளர் வகுப்பில் வந்தது. இன்றைக்கும் திரையில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள்.

“யக்கா, ஒங்களுக்குப் பாழ்நகரா வாய்ச்சுது?” என்று கேட்டபடி வந்தான் மேற்பார்வையாளன் ராயப்பன். “யோகந்தான் போங்க. நாப்பதே உருவம். ஆளுக்கு ஒரே ஒரு வரி. பொழுதடையுமுன்ன முடிச்சிரலாம்.”

அவள் மூச்சைத் தேடினாள்.

“சரிசரி, ஆரம்பிங்க” என்று அவன் போய்விட்டான்.

ஒவ்வோர் உலகத்தோடும் அதன் வரலாற்றுக் கட்டு வரும். அதை முதலில் வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசிக்கிறவள் இசக்கியம்மாள் ஒருத்திதான். ‘பாழ்நகர்ப் படலம்’ அறுபது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நான்கு பேர் சேர்ந்து செய்த பாத்திரமேற்கும் விளையாட்டு. வெளிவந்த மாதமே மண்ணைக் கவ்வியது. ‘படம் அழகு, ஊரில் உயிர் இல்லை’ என்று ஒரு விமர்சகர். ‘நாற்பது பொம்மைகளுக்கு நாற்பது வரி’ என்று இன்னொருவர். செய்த நால்வரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பதினைந்து வருஷம் கழித்துக் காற்று திரும்பியது. ஒரு பேராசிரியர் அதை ‘வெறுமையின் காவியம்’ என்று எழுதினார். ஆளில்லாத ஊரின் தத்துவம் பற்றி ஆய்வேடுகள் வந்தன, மாநாடு நடந்தது. முதலில் ஊர் காலியாக இருக்கிறது என்று திட்டினார்கள். பிறகு அதற்காகவே கொண்டாடினார்கள். அப்புறம் அதுவும் மறந்துபோனது.

ஊர் வாசலில் ஒரு சுண்ணாம்புக்காரி உட்கார்ந்திருந்தாள். இசக்கியம்மாள் அவள்முன் போய் நின்றாள். திரையடியில் எழுத்து வந்தது.

‘வழி கிழக்கே. போய் வாருங்கள்.’

“வ... ழி... கி... ழ...” என்று அவள் கூட்டினாள். பாதியில் இருமல் வந்துவிட்டது. கம்பளியில் முகத்தைப் பொத்தி இருமி ஓய்ந்து நிமிர்ந்தபோது, வரி மாறியிருந்தது.

‘இன்னும் நிற்கிறீர்களா?’

தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று பயந்தாள். திரையைக் கம்பளி நுனியால் துடைத்தாள். எழுத்து அழியவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடி, ‘நிக்கேன்’ என்று தட்டினாள்.

சுண்ணாம்புக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

‘இருபது மூச்சு நிற்பவரிடம் மட்டும் பேசுங்கள் என்று எங்களைச் செய்தவர்கள் சொல்லிவைத்தார்கள். நிற்பார்கள் என்று நம்பினார்கள், பாவம். நீங்கள்தான் முதல் ஆள்.’

இசக்கியம்மாள் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஒரு பொழுதில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுத்தது. கொல்லன், கிணற்றடிப் பெண், முடமான காவல்காரன் என்று நாற்பது பேர்முன்னும் நின்றாள். ஒவ்வொருவரும் முதலில் அந்த ஒற்றை வரியைச் சொன்னார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு வரி வாசித்து முடிக்கும்வரை அடுத்த வரி வரவில்லை. அவள் பதில் தட்ட எவ்வளவு நேரமானாலும் குறுக்கே ஒருவரும் பேசவில்லை. பிறந்து வளர்ந்து இந்த வயதுவரை அவள் ஒரு பேச்சை முழுசாகச் சொல்லி முடித்தது அங்கேதான்.

‘வெளியே எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்?’ என்று மூன்றாம் நாள் கொல்லன் கேட்டான்.

வரலாற்றுக் கட்டில் இருந்த விமர்சனங்களை அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள்.

‘உயிர் இல்லை என்று எழுதியவரா? நீலக் குதிரையில் வந்தார். மூன்று விநாடி நின்றார். காவியம் என்றவர் இரண்டு விநாடி. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. எங்களைப் பாராட்டினாரா?’

அன்று மதியம் ராயப்பனைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சுண்ணாம்புக்காரியின் வரி வந்தது. பார்வை பட்ட வேகத்தில் அவன் விரல் அமுக்கிவிட்டது. ஊர் நகர்ந்தது.

“அமுக்காத, தம்பி.”

“அமுக்கலைக்கா.” மறுபடி போய் நின்றான். மறுபடியும் விரல் அமுக்கியது. மூன்றாம் தடவை இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டான். ஏழெட்டு விநாடியில் நெற்றி வேர்த்தது. குளிரில் வேர்த்தது. கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டது. பத்தாவதில் எழுந்தே விட்டான்.

“எனக்கு வராதுக்கா. ஒண்ணுமே நடக்காத எடத்துல நின்னா நெஞ்சு படபடங்குது. நம்ம கூடத்துல எவனாலயும் முடியாது.” கொஞ்சம் தணிந்து சொன்னான்: “நீங்க சொல்லுதத நம்புதேன். ஆனா ‘உண்டு’ன்னு எழுதினா சட்டம் தெரியுமில்ல? எழுதுனவுகதான் துணை. தெனமும் வந்து உக்காரணும், சாவுற மட்டும். வெள்ளிக்கெழம மலைச்சீட்டு போயிரும். ஆறு வருசமாக் காத்துக் கெடந்து வாங்குனது. ஒருக்க விட்டா மறுபடி கெடையாது.”

மலைச்சீட்டு என்பது மேல்மலையில் குடியேற அனுமதி. இனிக் குளிர்ந்த காற்று அங்கேதான். மகள் சுடர்மதி அங்கே இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. மாலையில் இசக்கியம்மாள் போனில் கூப்பிட்டாள்.

“அம்மா! பஸ் வெள்ளி காலைல ஏழரைக்கு. மறந்துராத. டாக்டரு ஒன் நெஞ்சுக்கு இங்கத்த காத்துதான் மருந்துன்னாவ. தொட்டில் வாங்கியாச்சு. எம்மா, கேக்குதா?”

“மதி, அங்கன... நாப்பது பேரு...”

“எவ்ளோ கூட்டம்னாலும் ஒனக்கு சீட்டு உண்டும்மா. பயப்படாம வா. வைக்கட்டா?”

வெள்ளிக்கு முந்தின நாள் இசக்கியம்மாள் தாளில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு கீறினாள். கையெழுத்துப் போட எப்போதும் நேரமாகும். அன்றைக்கு ஆகவில்லை.

கடைசி விசையைச் சாட்சியே அமுக்க வேண்டும். திரையில் பாழ்நகர் திறந்திருந்தது. அறுபது வருஷமாகத் தங்கள் இடத்தைவிட்டு அசையாத நாற்பது பேரும் தெருவுக்கு வந்திருந்தார்கள். சுண்ணாம்புக்காரி முன்னால். எல்லா முகமும் திரைப்பக்கம். எழுத்து எதுவும் வரவில்லை. கெஞ்சவில்லை, கேட்கவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றார்கள். இருபது மூச்சல்ல, எத்தனை மூச்சானாலும் அவர்கள் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நிற்க முடியாதவள் அவள்தான். அமுக்கிவிட்டாள்.

மேல்மலையில் பேத்தி பிறந்தாள். சுடர்மதியும் மருமகனும் அவளைத் தங்கமாகத் தாங்கினார்கள். நேரத்துக்கு மருந்து, சுடச்சுடக் கஞ்சி. “அம்மா, உப்பு போதுமா?” என்று மகள் கேட்பாள்; அவள் மூச்சைப் பிடிப்பதற்குள் “போதும் போல” என்று சொல்லித் தட்டை எடுத்துப் போய்விடுவாள். மருமகன் “குளிருதா அத்தை?” என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைச் சாத்துவான். குளிரவில்லை என்று அவள் சொல்லும்போது அவன் அடுத்த அறையில் இருப்பான். அன்பில் ஒரு குறையும் இல்லை. நாளாக ஆக அவள் பதிலைத் தொடங்குவதையே விட்டுவிட்டாள். யார் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு. மருமகன் ஒன்று.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஊசி போடப் போயிருந்தார்கள். குடியிருப்புக் கணக்கெடுக்கிற அலுவலர் ஒருவர் கையில் பலகையோடு வாசலில் வந்து நின்றார். இசக்கியம்மாள் கதவுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“அம்மா, வீட்ல ஆள் இருக்காங்களா?”

அவள் மூச்சைத் தேடினாள். அது வழக்கம்போல அடிநெஞ்சில் எங்கோ தூசிக்குள் சிக்கிக் கிடந்தது. அவள் உதடு அசைவதை அவர் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். விரல் தானாக ஒரு கட்டத்தை அமுக்கியது. “ஆள் இல்ல” என்று காதிலிருந்த கருவியில் யாரிடமோ சொல்லிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

மூன்று விநாடி நின்றார். நல்ல மனிதர்தான்.

மூச்சு கிடைத்தபோது சரிவு முழுக்க மூடுபனி இறங்கியிருந்தது. கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, முழுசாகச் சொன்னாள்.

“இ... ருக்... கேன்.”