கொதிக்காத இடுக்கி

சேவூர் போகும் சாலையில் பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றைத் தர்ம ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். சன்னல்கள் உயரத்தில் இருந்ததால் நண்பகலிலும் உள்ளே அரையிருட்டுதான். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வெள்ளியங்கிரியாகிய நான் மட்டும்தான் இருப்பேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில், அவிநாசித் தேர் அன்று, குழந்தையம்மாள் வழக்கம்போல் கட்டு மாற்ற வந்தார். ஜின்னிங் ஃபேக்டரியில் பஞ்சு பொறுக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். வலது காலில், கணுக்காலுக்கு மேலே, மூன்று வருஷமாக ஆறாத புண். அதற்குப் பக்கத்தில் தேள் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார். வாரம் இரண்டு முறை வருவார். சித்திரை பிறந்ததிலிருந்து புண் ஓரம் சிவந்து, சுருங்கி வந்தது. "ஆடிக்குள்ள ஆறீருங்க" என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அவருக்கு முன்னால் வந்தவர் வண்டிக்காரர் சென்னியப்பன். அவர் காலில் பச்சையாகச் சீழ் கட்டியிருந்தது. கெட்டுப்போன திராட்சைப் பழத்தைப் போல ஒரு தித்திப்பு நாற்றம். அந்த நாற்றம் வந்தால் இடுக்கி, கத்தரி, கிண்ணம் எல்லாவற்றையும் இருபது நிமிஷம் கொதிக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளைத் தொட வேண்டும். டாக்டர் அதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஸ்டவ் அணைந்திருந்தது. தேர் நிலையிலிருந்து கிளம்பும் நேரமாகிவிட்டது. வெளியே சைக்கிள் மணி அடித்துக் கூட்டாளிகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடுக்கியைப் பச்சைத் தண்ணீரில் அலசித் துணியில் துடைத்தேன்.

"ஏனுங்க தம்பி, கொதிச்சுதுங்களா?" என்றார் குழந்தையம்மாள்.

"இப்பத்தானுங்கம்மா கொதிச்சுது. காலை நீட்டுங்க."

அவர் கண் அணைந்த ஸ்டவ்வின் மேல் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்று காலை நீட்டினார்.

ஐந்தாம் நாள் மகள் பழனாயி அவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டைப் பிரித்ததும் அதே திராட்சை நாற்றம். டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"நல்லா இருந்த புண்ணு. எப்பிடி இப்பிடி ஆச்சு?"

பழனாயி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் யோசிக்கக்கூட இல்லை.

"ஊட்டுல பச்சிலை எதாச்சும் வெச்சுக் கட்டீருப்பாங்க போலிருக்குங்க."

பழனாயியின் முகம் வெளிறிப்போயிற்று. "ஒருக்காத்தானுங்க" என்றாள். "ரொம்ப எரியுதுன்னு ஆத்தா அழுதுச்சுங்க. தும்பத்தழைய அரைச்சு ஒரே ஒருக்கா வெச்சனுங்க."

கட்டிலில் கிடந்த குழந்தையம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. காற்று புழுதியை வாரிக் கதவில் அடிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சேலையெல்லாம் பஞ்சுத் துகள். ஃபேக்டரியில் யாரோ என்று நினைத்தேன். கட்டுப் போடுகிற நாங்கள் வருகிறவர் முகத்தை எங்கே பார்க்கிறோம்? குனிந்தால் கால்தான்.

கட்டைப் பிரித்தேன்.

ஒரு சுற்று. இரண்டு. பத்து. துணி முடியவில்லை. பிரிக்கப் பிரிக்க ஈரம் கூடியது. கிணற்றடித் தண்ணீர் போலச் சில்லென்ற ஈரம். தரையில் துணி முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது.

வெளியே காற்று நின்றுவிட்டது.

திராட்சை நாற்றம் மெல்ல எழுந்தது.

கடைசிச் சுற்று கழன்றது. கணுக்காலுக்கு மேலே பச்சைத் தேள்.

கோயம்புத்தூரில் வெட்டியெடுத்த கால்.

நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் தலைக்கு மேலே, மிகத் தணிந்த குரலில் கேட்டார்:

"கொதிச்சுதுங்களா?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

"கொதிக்கட்டுங்க. நானிருக்கறேன்."

தவழ்ந்துபோய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். மூன்று தீக்குச்சி அணைந்து நான்காவது பிடித்தது. இடுக்கி தண்ணீரில் கடகடவென்று ஆடத் தொடங்கியது. இருபது நிமிஷம் முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது.

பிறகு அந்தக் குரல், காதோரத்தில்.

"எம்புள்ள சோறு திங்கறதில்லீங்க."

திரும்பினேன். முக்காலி காலியாக இருந்தது. தரையில் துணியும் இல்லை.

ஆஸ்பத்திரியைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு சேவூரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழனாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை எலும்பு தனியாகத் தெரிந்தது. வலது கையை மடியில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். தும்பைத் தழை அரைத்த கை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்காரர் புண், அலசிய இடுக்கி, தேர், டாக்டரிடம் சொன்ன பொய்.

பிறகு கேட்டாள்.

"ஆத்தா கேட்டுச்சுங்களா, கொதிச்சுதான்னு?"

"கேட்டாங்க."

"நீங்க என்னன்னீங்க?"

"கொதிச்சுதுன்னேனுங்க."

எழுந்து உள்ளே போனாள். தட்டில் சோறு போடும் சத்தம் கேட்டது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த வலது கையாலேயே பிசைந்து, பசித்த குழந்தையைப் போல அள்ளி அள்ளித் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். முடித்துக் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"போயிருங்க. இனி இந்தப் பக்கம் வந்தறாதீங்க."

அவசரமாக ஏறும்போது சைக்கிள் மிதி சறுக்கி முழங்காலுக்குக் கீழே கிழித்தது. சின்னக் கீறல். அன்று அது எனக்கு வலிக்கவேயில்லை.

மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கிண்ணத்தில் கிடந்த இடுக்கியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து வேண்டாம், வெள்ளியங்கிரி" என்றார்.

வெள்ளகோவிலுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறேன். தனியாள். அந்தக் கீறல் இன்னும் ஆறவில்லை. மருந்து மாற்றி மருந்து போட்டாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. சர்க்கரை இல்லை, ரத்தத்தில் குற்றமில்லை என்கிறார்கள். சீழும் பிடிப்பதில்லை. சும்மா, மூடாமல் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலைகளில் கதவு தாழிட்டபடியே இருக்கிறது. கண் விழிக்கும்போது என் காலில் புதுக் கட்டு. பழைய துணி, விளிம்பு பிசகாமல் நாலாக மடித்துக் கட்டிலுக்கடியில் இருக்கும், அதன் மேல் பஞ்சுத் துகள். புண்ணில் ஒட்டிய நூலை வெடுக்கென்று பிய்த்திருக்க மாட்டார். தண்ணீர் விட்டு விட்டு, ஊறும்வரை காத்திருந்து, ஒரு பொட்டு ரத்தம் வராமல் எடுத்திருப்பார்.

அவ்வளவு பொறுமையாக நான் யாருக்கும் கட்டியதில்லை.